இரைச்சலைத் தாண்டி வரும் குரல்



ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர்த் தேக்காவுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். சிராங்கூன் சாலையின் நடைபாதையிலும், பஃப்பலோ சாலையின் காய்கறிக் கடைகளுக்கு முன்னாலும், ரேஸ் கோர்ஸ் சாலையோரப் புல்தரையிலும் வேலையாட்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு. பாதிப் பேருக்குக் கையில் காய்கறிப் பை இருக்கும்; ஏறக்குறைய எல்லாருக்கும் காதில் கைத்தொலைபேசி இருக்கும். ஒருவர் தஞ்சாவூருக்குப் பேசுவார், ஒருவர் டாக்காவுக்குப் பேசுவார், இன்னொருவர் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டி நம் தோட்டத்தில் இருக்கும் தம் தாயாருக்குப் பேசுவார்.

அந்தத் தாயார் கேட்பது தம் மகனின் குரலை மட்டும்தான். பக்கத்தில் நிற்பவரின் குரல் அதில் கலந்து வருவதில்லை. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அத்தனை பேருக்கும் உள்ளது ஒரே ஆகாயம். ஒவ்வொருவர் தொலைபேசியிலிருந்தும் புறப்படும் வானொலி அலை, மற்ற எல்லா அலைகளோடும் கலந்துதான் கோபுரத்தை அடைகிறது. போதாக்குறைக்குக் கட்டடங்கள் அலையைத் திருப்பி அடிக்கின்றன. மின் கருவிகள் தங்கள் பங்குக்கு இரைச்சல் போடுகின்றன. வீட்டுக்கு ஒரு பாட்டு ஒலிக்கும் தீபாவளி நாளில், லயத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவரிடம் ஒரு செய்தியைச் சொல்வதைப்போல.

அந்த இரைச்சலிலிருந்து செய்தியை முழுசாக மீட்டெடுக்கும் கலைக்குத் தகவல் கோட்பாடு என்று பெயர். சிங்கப்பூரில் இன்று பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன படிக்கிறார்கள், அது நமக்கு எதற்கு என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பழைய கதை கொஞ்சம். 1870ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடியில் தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். அதுவரை கப்பலில் வந்து சேர வேண்டிய செய்தி, 1871 முதல் கம்பியில் வந்தது. ஆனால் தந்திக்குக் கட்டணம் சொல் கணக்கில். அதனால்தான் நம் பெரியவர்கள் தந்தியில் "தகப்பனார் சீரியஸ், உடனே புறப்படு" என்று நாலே சொல்லில் எழுதினார்கள். யாருக்குச் சீரியஸ், எந்த ஊருக்குப் புறப்பட வேண்டும் என்றெல்லாம் எழுதவில்லை. வாங்குகிறவருக்குத் தெரிந்ததை எழுதி எதற்குக் காசை வீணாக்குவது? பள்ளிக்கூடம் போகாத மனிதர்கூடத் தந்தி அலுவலகத்தின் வாசலில் நின்று இந்தக் கணக்கைப் போட்டார். தகவல் கோட்பாட்டின் முதல் பாதி இதுதான்: கேட்பவருக்கு முன்பே தெரிந்ததைச் சொல்லாதே, தெரியாததை மட்டும் சொல்.

இரண்டாவது பாதி இதற்கு நேர் எதிரானது. ஒரு காகிதத்தில் "சிங்க", அதற்கப்புறம் கொஞ்சம் கிழிசல், பிறகு "பூர்" என்று இருந்தால், அது என்ன சொல் என்று உங்கள் பிள்ளை உடனே சொல்லிவிடும். சொல்லில் தேவைக்கு மேல் எழுத்துகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை காப்பாற்றுகின்றன. இதுவே ஒரு வங்கிக் கணக்கு எண்ணாக இருந்து நடுவில் ஓர் இலக்கம் கிழிந்துபோனால்? யாராலும் சொல்ல முடியாது. எண்ணில் மிச்சம் என்று எதுவும் இல்லை. மகன் தொலைபேசியில் எண் சொல்லும்போது தாயார் ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது இதனால்தான். மொழி தானாகக் கொடுத்த மிகையை எண் கொடுக்காதபோது நாமே சேர்த்துக்கொள்கிறோம்.

ஆக, வேண்டாத மிகையைக் கழிப்பது ஒரு வேலை. வேண்டிய மிகையைச் சேர்ப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் ஒரே கணக்குக்குள் கொண்டு வந்தவர் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர். 1916இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து ஒரு சிற்றூரில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது, மேய்ச்சல் நிலத்து முள்வேலிக் கம்பியையே தந்திக் கம்பியாக்கி, அரை மைல் தள்ளியிருந்த நண்பனின் வீட்டுக்குச் செய்தி அனுப்பியவர். பிற்காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1948இல் அவர் வெளியிட்ட ஒரே ஒரு கட்டுரையோடு இந்தத் துறை பிறந்தது.

செய்தியை அளக்க அவர் எடுத்துக்கொண்ட படிக்குப் பிட் என்று பெயர். அரிசியை அளக்கப் படி இருப்பதுபோலச் செய்தியை அளக்க ஓர் அளவை. பெரிய விஷயமில்லை. எட்டு வீடுள்ள ஒரு லயத்தில், ஏதோ ஒரு வீட்டில் பூனை ஒளிந்திருக்கிறது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தியில்லாதவன் முதல் வீடா, இரண்டாம் வீடா என்று போவான். கெட்டிக்காரன் முதல் நான்கு வீட்டுக்குள்ளா என்று கேட்பான். பாதி கழிந்தது. அடுத்த கேள்வியில் மறுபாதி. மூன்றே கேள்வியில் பூனை அகப்படும். ஆகவே, எட்டில் ஒன்று என்ற செய்தியின் எடை 3 பிட். பதினாறு வீடு என்றால் 4 பிட். வீடு இரட்டித்தாலும் கேள்வி ஒன்றுதான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

நம் குரலும் இப்படி ஆம், இல்லை என்ற வரிசையாகத்தான் மாறுகிறது. பழைய எண்முறைத் தொலைபேசி நிலையங்களில் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினார்கள். அதாவது வினாடிக்கு 64,000 பிட். இதையே 1990களில் பரவிய இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசி வினாடிக்கு 13,000 பிட்டாகச் சுருக்கியது. மனிதக் குரல் தொண்டையிலும் வாயிலும் எப்படி உண்டாகிறது என்பது தெரிந்திருப்பதால், அடுத்த கணம் என்ன வரும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஊகிக்க முடியாததை மட்டும் அனுப்பினால் போதும். அதே தந்திக் கணக்குத்தான்!

சுருக்கும் வேலையில் ஒரு மாணவனின் கதை உண்டு. 1951இல் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தம் வகுப்பில் ஒரு சலுகை கொடுத்தார். இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது கொடுத்த கணக்கைப் பற்றிக் கட்டுரை எழுதலாம். அந்தக் கணக்கு இன்னும் யாராலும் தீர்க்கப்படாதது, தாமும் அதில் முயன்றவர் என்பதை அவர் சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் தேர்வுக்குப் பயந்து கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். மாதக்கணக்கில் போராடி, கைவிடும் நேரத்தில் வழி புலப்பட்டது. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, எப்போதாவது வருவதற்கு நீளக் குறி. அதைக் கீழிருந்து மேலாகக் கட்ட வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையின் படம் வருகிறதல்லவா? அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றைச் சுருக்குவதில் ஹஃப்மனின் முறைக்கு இன்றும் பங்குண்டு. தீராத கணக்கு என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த மாணவர் தேர்வையே எழுதியிருப்பார் என்பது என் எண்ணம்.

இனி இரைச்சலுக்கு வருவோம். இரைச்சலான இடத்தில் நாம் என்ன செய்வோம்? கத்துவோம். அதனால் எவ்வளவு பயன் என்பதற்கு ஷானன் கணக்குக் கொடுத்திருக்கிறார். நம் அலை இரைச்சலைவிட 15 மடங்கு வலுவாக இருந்தால், அலைக்கற்றையின் ஒவ்வோர் அலகிலும் வினாடிக்கு 4 பிட் அனுப்பலாம். வலுவை ஏறக்குறைய இரட்டித்து 31 மடங்காக்கினால் 5 பிட். மறுபடி ஏறக்குறைய இரட்டித்து 63 மடங்காக்கினால் 6 பிட். லயத்தில் வீடு இரட்டித்தாலும் ஒரு கேள்விதான் கூடியதே, அதேபோல இங்கே வலுவை இரட்டித்தாலும் ஒரு பிட்தான் கூடுகிறது. மின்கலம் சீக்கிரம் தீர்ந்து போவதுதான் மிச்சம். அது மட்டுமா? தேக்காவில் ஒருவர் கத்தினால் அது பக்கத்தில் இருப்பவருக்கு இரைச்சல். அவரும் கத்துவார். இதற்காகத்தான் கோபுரமே ஒவ்வொரு தொலைபேசிக்கும் "உன் குரலைக் குறை, உன் குரலைக் கூட்டு" என்று ஓயாமல் கட்டளையிடுகிறது. மூன்றாம் தலைமுறை வலையமைப்பில் இந்தக் கட்டளை வினாடிக்கு 1,500 முறை போனது. நம் தோட்டத்துப் பெரட்டில் எந்தக் கங்காணியும் இப்படி அதட்டியதில்லை!

கத்துவது உதவாது என்றால் அடுத்த வழி, திரும்பத் திரும்பச் சொல்வது. ஒவ்வொரு பிட்டையும் மூன்று முறை அனுப்பி, மூன்றில் இரண்டு எதுவோ அதை எடுத்துக்கொள்ளலாம். பிழை குறையும். ஆனால் வேகம் மூன்றில் ஒன்றாகிவிடும். இன்னும் குறைய வேண்டுமா? ஐந்து முறை சொல், ஏழு முறை சொல். இப்படியே போனால் பிழை போய்விடும், வேகமும் போய்விடும். இதுதான் விதி என்று 1948 வரை எல்லாரும் நம்பினார்கள். ஷானன் அதை மறுத்தார். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குக் கீழே உள்ள எந்த வேகத்திலும், மேலும் வேகத்தைக் குறைக்காமலே, பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று நிறுவினார். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. எல்லைக்கல்லை நட்டுவிட்டார், அதுவரை போகப் பாதை போடவில்லை. அந்தப் பாதைக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆயிற்று.

பாதையின் முதல் எட்டைச் சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தினமும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். வேலை அனுமதி அட்டையில் உள்ள அடையாள எண்ணைப் பாருங்கள். முன்னால் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கம், கடைசியில் இன்னோர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்து அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டி, முன்னெழுத்தைப் பொறுத்து ஒரு சிறு எண்ணைச் சேர்த்து 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் கடைசி எழுத்தைத் தீர்மானிக்கிறது. எழுதும்போது ஓர் இலக்கம் மாறினால் மீதி மாறும். 35 என்பதை 53 என்று இடம் மாற்றி எழுதினாலும் மீதி மாறும். கணினி உடனே "எண் தவறு" என்று சொல்லிவிடும். ஓர் எழுத்து அதிகம் எழுதியதற்கு இவ்வளவு காவல். ஏன் 11? அது பகா எண். வேறெதற்கும் இடம் கொடுக்காது. ஆறாம் வகுப்பில் பகா எண்ணால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் காட்டுவது வழக்கம்.

ஆனால் அந்த எழுத்து தவறு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எங்கே என்று சொல்லாது. தவறு எங்கே என்று கண்டு தானே திருத்திக்கொள்ளும் முறையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பதினைந்து நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாணயங்களை மூன்று மூன்றாக மூன்று வரிசையில் வையுங்கள். எண் இருக்கும் பக்கமோ மறுபக்கமோ, உங்கள் விருப்பம். இதுதான் செய்தி. இப்போது ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு காவல் நாணயம் வையுங்கள். அந்த வரிசையில் எண் பக்கம் தெரியும் நாணயங்களின் தொகை, காவலையும் சேர்த்து, இரட்டைப்படையாக வரும்படி வைக்க வேண்டும். அதேபோல மேலிருந்து கீழாக வரும் ஒவ்வொரு நிரைக்கும் அடியில் ஒரு காவல். ஆக ஆறு காவல். இனி நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். பிள்ளை ஒன்பதில் ஏதாவது ஒரு நாணயத்தைப் புரட்டி வைக்கட்டும். திரும்பிப் பார்த்தால் ஒரே ஒரு வரிசையில் இரட்டைப்படை கெட்டிருக்கும். ஒரே ஒரு நிரையில் கெட்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது புரட்டிய நாணயம். மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. என் வகுப்பில் ஒரு மாணவி, "காவல் நாணயத்தையே புரட்டினால், சார்?" என்று கேட்டாள். அப்போது ஒரு வரிசையோ ஒரு நிரையோ மட்டும் கெடும், மற்றது கெடாது. அதனால் காவல்தான் புரண்டது என்று தெரிந்துவிடும். இரண்டு நாணயத்தைப் புரட்டினால் மட்டும் இந்தக் காவல் திணறும். செய்து பாருங்கள்.

இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசியில் இதைவிடத் தேர்ந்த காவல் இருந்தது. குரலை வினாடியின் ஐம்பதில் ஒரு பங்காக நறுக்கி, ஒவ்வொரு நறுக்குக்கும் 260 பிட் எழுதினார்கள். அனுப்பும்போது அது 456 பிட் ஆகிவிடும். கூடியதெல்லாம் காவல். இதில் ஒரு நுட்பம்: 260இல் 182 பிட்டுக்குத்தான் காவல் உண்டு, மிச்சம் 78 பிட் காவலின்றியே போகும். அந்த 78இல் பிழை வந்தாலும் காதுக்குக் கொஞ்சம் கரகரப்பாகத் தெரியுமே தவிர, சொல் மாறாது. நகைக்குப் பூட்டுப் போடு, விறகுக்கு எதற்கு என்று யோசித்திருக்கிறார்கள்.

எல்லைக்கல் வரை போகும் பாதையை முதலில் கண்டவரும் ஒரு மாணவர்தான். ராபர்ட் கேலகர் என்பது பெயர். 1960இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேட்டின் சாரத்தை நம் நாணயத்தைக் கொண்டே சொல்லலாம். ஒன்பது நாணயத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான நாணயங்கள். வரிசை, நிரை என்று ஒழுங்காக இல்லாமல், ஒவ்வொரு காவலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நாணயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு நாணயத்தையும் சில காவல்கள் மட்டும் பார்க்கும். பிழை வந்தால் எந்தக் காவலுக்கும் தனியாக முடிவு சொல்லத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் "என் கணக்குப்படி இந்த நாணயம் புரண்டிருக்கலாம்" என்று தன் சந்தேகத்தைச் சொல்லும். அதைக் கேட்ட நாணயம் மற்றக் காவல்களிடம் போய்ச் சொல்லும். சந்தேகம் கைமாறிக் கைமாறி, சில சுற்றுகளில் தெளிந்துவிடும். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம்தான் தெரியும். எல்லாரும் பேசி முடிக்கும்போது நடந்தது வெளியே வந்துவிடும், அதுபோல.

நல்ல யோசனைதான். ஆனால் அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. ஆய்வேடு 1963இல் நூலாக வந்தது. பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் அதை ஏறக்குறைய எல்லாரும் மறந்துவிட்டார்கள். கேலகரும் வேறு வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார். 1993இல் கிளாட் பெரூ என்ற பிரெஞ்சுப் பொறியாளரும் அவர் நண்பரும் வேறொரு முறையில் ஷானனின் எல்லையை நெருங்கிக் காட்டியபோது அறிஞர்கள் முதலில் நம்பவில்லை. அதற்குப் பிறகுதான், 1990களின் நடுவில், டேவிட் மெக்கேயும் ராட்ஃபோர்ட் நீலும் கேலகரின் பழைய முறைக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். இதற்குள் கணினிகள் வேகம் பெற்றிருந்தன. ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசி வலையமைப்பில் தரவுக்குக் காவல் கேலகரின் முறையே என்று 2016இல் முடிவாயிற்று. கட்டளைச் செய்திகளுக்கு வேறொரு முறை. அதைக் கண்டவர் துருக்கி நாட்டைச் சேர்ந்த எர்தால் அரிகான். அவரும் 1985இல் அதே கேலகரிடம் முனைவர் பட்டம் பெற்றவர். குருவும் சீடரும் ஆளுக்கொரு வேலையாக இன்று ஒரே கைத்தொலைபேசிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2020இல் கேலகருக்கு ஜப்பான் பரிசு கிடைத்தது. ஆய்வேடு எழுதி அறுபது ஆண்டு கழித்து.

இதுவரை ஒருவர் குரலைப் பற்றிப் பேசினோம். தேக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்களே, ஆகாயத்தைப் பங்கு போடுவது எப்படி? ஒரு வழி, வட்டாரத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு சிறிய நிலையம் வைப்பது. நாலு தெரு தள்ளியிருப்பவருக்கு இந்த அறையின் அலை எட்டாது. ஆகவே அதே அலையை அங்கே மறுபடி பயன்படுத்தலாம். அதனால்தான் ஜனநெருக்கடியான இடங்களில் கட்டடங்களின் மேலும் நிலையங்களின் உள்ளும் சிறிய அலைவாங்கிகளைக் காண்கிறோம்.

இன்னொரு வழியைக் கண்டவர் நம்மவர். ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தார். இந்தியக் கடற்படையில் அதிகாரியாக இருந்துகொண்டே டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். நீருக்கடியில் ஒலியைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கடற்படைக்கு உருவாக்கினார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அனுப்பும் இடத்தில் பல அலைவாங்கி, பெறும் இடத்தில் பல அலைவாங்கி வைத்து, ஒரே அலைக்கற்றையில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்ற அவருடைய யோசனைக்கு, தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து, 1994இல் காப்புரிமை பெற்றார். 2014இல் அவருக்கு மார்கோனி பரிசு வழங்கப்பட்டது. இந்த முறைக்கு மைமோ என்று பெயர். நான்காம், ஐந்தாம் தலைமுறை வலையமைப்புகள் இதன்மேல்தான் நிற்கின்றன.

ஒரே அலையில் இரண்டு செய்தி போனால் கலந்துவிடாதா? கலக்கும். ஆனால் படிவம் ஒன்றில் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 10 என்றால் எண்கள் எவை? சொல்ல முடியாது. கூட்டுத்தொகை 10, வித்தியாசம் 4 என்றால்? ஏழும் மூன்றும். இரண்டு தெரியாத எண்ணுக்கு இரண்டு வெவ்வேறு சமன்பாடு வேண்டும், அவ்வளவுதான். இரண்டு அலைவாங்கிகளும் இரண்டு செய்திகளையும் கலவையாகத்தான் கேட்கின்றன; ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் கலவை வேறு. சமன்பாட்டைத் தீர்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். கலவைகள் வேறாக இருப்பதற்கு உதவுவது எது தெரியுமா? சுவர்களில் பட்டு வரும் எதிரொலிதான். வெட்டவெளியில் இரண்டு அலைவாங்கிக்கும் ஏறக்குறைய ஒரே கலவைதான் வரும். கேம்பல் சந்திலும் ஹிண்டு சாலையிலும் நெருக்கமாக நிற்கும் பழைய கடைவீடுகள் அலையைப் பல பக்கமும் சிதறடிக்கின்றன. முன்னே பொறியாளர்கள் தொல்லை என்று நினைத்த எதிரொலி, பால்ராஜின் முறையில் மூலதனம் ஆகிவிட்டது.

சிங்கப்பூரிலேயே இதற்கு அடுத்த எட்டும் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ருவே சாங்கும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 2019 வாக்கில் வெளியிட்ட கட்டுரைகள் உலகெங்கும் பேசப்பட்டன. சுவர் தன் போக்கில் அலையைத் திருப்புவதற்குப் பதிலாக, நாம் சொல்லும் திசைக்குத் திருப்பும் பலகைகளைச் சுவரில் பதித்தால் என்ன என்பது அவர்கள் ஆராய்ந்த கேள்வி. பலகை தானாக எந்த அலையையும் அனுப்பாது. மின்சாரச் செலவு கொஞ்சம்தான். வெயிலில் கண்ணாடியைப் பிடித்து இருட்டு மூலையில் வெளிச்சம் அடிக்கும் பிள்ளைகளின் விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய ஆராய்ச்சி மாணவரின் மேசையில் சோதனைக் குழாயோ பெரிய இயந்திரமோ இருக்காது. காகிதமும் கணினியும் இருக்கும். இயற்கணிதமும் நிகழ்தகவும் நன்றாக வந்தால் போதும். அது தோட்டப் பள்ளியிலும் கற்றுக்கொள்ளக்கூடியதே.

இனி, நீங்கள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். இத்தனை வித்தை இருந்தும் நம் தோட்டத்தில் மட்டும் ஏன் தொடர்பு அறுந்து அறுந்து போகிறது? 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பள்ளிப் பாடம் கைத்தொலைபேசியில் வந்தபோது, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் போய் உட்கார்ந்துதான் படித்தார்கள். ஒரு காரணம் செம்பனை. இலையில் இருக்கும் ஈரம் அலையைக் குடித்துவிடும். மழை பெய்து மட்டைகள் நனைந்தால் இன்னும் அதிகம் குடிக்கும். குன்று மறைப்பது இன்னொரு காரணம். இவற்றைத் தாண்ட 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் ஏற்றவை. அவை தூரமும் போகும். ஆனால் பெரிய காரணம் அறிவியலில் இல்லை. தேக்காவில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு நிலையம். இங்கே பல மைலுக்கு ஒரு கோபுரம். கோபுரம் வைக்கும் செலவுக்குத் தோட்டத்து ஜனத்தொகை போதாது என்று கணக்குப் போடுகிறார்கள். அது ஷானனின் கணக்கு அல்ல.

பழைய கைத்தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் இரண்டாம் தலைமுறை வலையமைப்பை 2017 ஏப்ரலில் மூடினார்கள். மூன்றாம் தலைமுறைக்கு 2024இன் பிற்பகுதியில் விடை கொடுத்தார்கள். மலேசியாவில் மூன்றாம் தலைமுறை 2021 இறுதியோடு போயிற்று. நல்ல தொலைபேசியை வீணாக்கினார்களே என்று பலர் வருந்தினார்கள். அலைக்கற்றை நிலம்போல; புதிதாக உண்டாக்க முடியாது. அதே நிலத்தில் கேலகர் முறையும் பால்ராஜ் முறையும் பல மடங்கு விளைச்சல் தருவதால், பழைய பயிரை எடுத்துவிட்டுப் புதியதை நட்டார்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டதைப் பார்த்த நமக்கு இது புரியாததல்ல. அந்த மாற்றத்தில் யாருக்கு லாபம், யாருக்குச் செலவு என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

கடைசியாக ஒரு வழக்கம் சொல்கிறேன். குரல் அறுந்து போகும் இடத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேரும். குரல் காத்திருக்காது, தாமதமானால் பயனில்லை. குறுஞ்செய்தி சிறியது; போகாவிட்டால் காத்திருந்து மறுபடி முயலும். ஒரு குறுஞ்செய்தியின் இடம் ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70 இடம்தான். தமிழ் எழுத்துக்கு இடம் கூடுதலாகத் தேவைப்படுவதால் இப்படி. புள்ளிக்கும் கொம்புக்கும் தனி இடம் உண்டு. 'அம்மா' என்று எழுத ஐந்து இடம் ஆகும். "அம்மா, பணம் அனுப்பிவிட்டேன்" என்பதற்கு 27. மிச்சம் 43 இருக்கிறது. எவ்வளவு பணம், எந்தக் கடை வழியாக என்று அதிலேயே எழுதிவிடலாம். தொகையை இலக்கத்தில் ஒரு முறையும் எழுத்தில் ஒரு முறையும் எழுதச் சொல்லுங்கள்.